கோப்பை பதினொன்று, கதவு பன்னிரண்டு

கந்தளாய் றோட்டில் பத்தாங்கட்டையிலிருந்து ஒரு கிரவல் பாதை உள்ளே போகிறது. அதன் முடிவில் இருந்த கல்குவாரியில் வெடி வைப்பதற்கு இருபத்தொரு விதிகள் இருந்தன. பதினாலு விதி மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரி போட்டது. மிச்சம் ஏழும் சந்தியில் இருந்த இராணுவ முகாம் போட்டது. இருபத்தொன்றையும் யோகலிங்கம் தன் அழகான கையெழுத்தில் வெள்ளைத் தாளில் எழுதி, கந்தோர்ச் சுவரில் பசை பூசி ஒட்டியிருந்தான். அதை இன்றுவரை ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை. மனேஜர் ஞானசேகரம் அதன்மேல் ஒரு கலண்டரை மாட்டிவிட்டார்.

யோகலிங்கத்தின் நியமனக் கடிதத்தில் 'வெடிப் பதிவாளர்' என்று இருந்தது. குவாரியில் எல்லாரும் அவனை 'எண்ணுகிற ஆள்' என்றார்கள். அதுவும் பொய்யில்லை. கல்லில் பன்னிரண்டு துளை போட்டு மருந்து வைத்தால் பன்னிரண்டு சத்தம் கேட்கவேண்டும். திரிகளை ஒன்றைவிட ஒன்று நீளமாக வெட்டி வைப்பதால் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எண்ணலாம். ஒன்று குறைந்தால் அந்த மருந்து இன்னும் கல்லுக்குள் உயிரோடு கிடக்கிறது என்று அர்த்தம். அது தெரியாமல் அதே இடத்தில் யாராவது துளை மெஷினை வைத்து அழுத்தினால், பிறகு அவரைக் கூட்டித்தான் அள்ளவேண்டும். ஆகையால் யோகலிங்கம் இடது கையில் புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒன்றாக வலது கைக்கு மாற்றுவான். எண்ணி முடிந்ததும் கணக்கைக் கார்பன் தாள் வைத்த பதிவேட்டில் எழுதுவான். பத்து வருடமாக அதே வேலை, அதே கொட்டைகள். அவை அவன் கையில் பட்டுப் பட்டு மினுமினுத்தன.

விசில் மூன்று தரம் ஊதவேண்டும். முதல் விசிலுக்கு எல்லாரும் வெளியே வரவேண்டும். இரண்டாவதுக்குத் திரியில் நெருப்பு. மூன்றாவது விசில் ஊதினால்தான் ஆட்கள் திரும்ப உள்ளே போகலாம். அந்த மூன்றாவது விசிலை யோகலிங்கம் மட்டுமே ஊதலாம் என்பது பதினோராம் விதி. அவன் ஊதாவிட்டால் மனேஜரே வந்தாலும் உள்ளே போக ஏலாது. மனிசனுக்கு வாழ்க்கையில் கிடைத்த அதிகாரம் அவ்வளவுதான், ஆனால் அதை அவன் சும்மா விளையாட்டாக எடுத்தவனல்ல.

இது தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கதை. யுத்தம் என்றபடியால் வெடிமருந்து முழுவதும் முகாமில்தான் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் ஒரு சிப்பாய் பெட்டியோடு வருவான். எத்தனை துளையோ அத்தனை குச்சி மருந்து, அதைக் கிளப்புவதற்கு அத்தனை கெப். கெப் என்பது சுண்டுவிரல் அளவு உலோகக் குழாய், அவ்வளவுதான். ஆனால் அந்த நாட்களில் ஒரு ஆள் காணாமல் போனால் பதில் சொல்ல ஒருவருக்கும் அவசரம் இருக்கவில்லை. ஒரு கெப் காணாமல் போனால் ஊர் முழுக்கப் பதில் சொல்லவேண்டும். எனவே சிப்பாயும் ஒரு நிழலில் இருந்து சத்தத்தை எண்ணி, முகாமின் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவான்.

இவர்கள் இரண்டு பேரையும் விட்டால் மூன்றாவதாக எண்ணியவர் நஜ்முன் நிஸா.

அவருடைய வீடு குவாரியிலிருந்து முன்னூறு யார் தூரம் கீழே இருந்தது. நடுவில் ஒரு மேடு மறைத்ததால் கல் வந்து விழாது, அதிர்வு மட்டும் தவறாமல் வந்து சேரும். நடு அறைச் சுவரில் மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் அது பல்லி அளவில்தான் இருந்தது. பிறகு மெல்ல மெல்ல வளர்ந்து கூரையைப் பார்த்து ஏறியது. அவர் மனேஜரிடம் போய்ச் சுவரைக் கட்டித் தரச்சொல்லிக் கேட்டார். ஞானசேகரம் பெரிய கெட்டிக்காரர். "உது முகாம்காரன் பீரங்கியால அடிக்கிற செல்லால வந்த வெடிப்பு. அங்க போய்க் கேளுங்கோ" என்றார். முகாமில் போய் யார் கேட்பது.

நஜ்முன் நிஸா அதற்குச் சண்டை பிடிக்கவில்லை. ஒரு கொப்பியை வாங்கி அதில் கோடு போட்டார். முதற் பத்தி திகதி, அடுத்தது நேரம், மூன்றாவது கோப்பை, நாலாவது கதவு. கோப்பை என்றால் அவருடைய கண்ணாடி அலுமாரியில் இருந்த ஆறு தேத்தண்ணிக் கோப்பைகள், கலியாணத்துக்குத் தோப்பூரிலிருந்து வந்தவை. குவாரியில் வெடித்தால் நிலம் அதிரும், கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுக்கும். சத்தத்தின் காற்று வந்து வாசல் கதவையும் அடிக்கும். முகாமிலிருந்து செல் அடித்தால் கதவு மட்டும் அடிக்கும். கோப்பைகள் அசையா. இதைக் கண்டுபிடித்தவர் அவர்தான், அவருக்கு யாரும் படிப்பிக்கவில்லை. கோப்பை ஆடிய தரமெல்லாம் குவாரியின் கணக்கு, ஆடாத தரமெல்லாம் முகாமின் கணக்கு என்று இரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதினார். அதை வைத்துக் கச்சேரிக்கு விண்ணப்பமும் போட்டார். அடுத்த மாதம் பதினாலாம் திகதி விசாரணை என்று கடிதம் வந்திருந்தது.

ஒவ்வொரு வெடி முடிந்ததும் அவர் கொப்பியோடு வந்து நிற்பார். முறைப்பாடு வந்தால் பதிவாளர் ஏற்றுக் கையெழுத்திடவேண்டும் என்பது பதினெட்டாம் விதி. யோகலிங்கம் 'கிடைத்தது' என்று எழுதிக் கையெழுத்திடுவான். அவ்வளவுதான். இருநூறு தரமாவது அப்படிக் கையெழுத்திட்டிருப்பான். ஒரு தரமாவது அந்தப் பத்திகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தவனில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு துளைக்கு மருந்து வைத்தார்கள். வெடி வைக்கிற லைசென்ஸ்காரர் ஸைனுலாப்தீன் திரிகளைப் பற்றவைத்துவிட்டு நடந்து வந்தார். ஓடக்கூடாது என்பது ஆறாம் விதி. லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து மனிசன் ஓடியதே இல்லை, மழைக்குக்கூட.

தகரக் கொட்டிலுக்குப் பின்னால் நின்று யோகலிங்கம் எண்ணினான். எட்டுக் கொட்டை மாறிவிட்டது. ஒன்பதாவது சத்தம் வந்தபோது அது காலுக்குக் கீழால் வராமல் பிடரிப் பக்கத்தால் வந்ததுபோல ஒரு எண்ணம் வந்தது. அதை நினைத்துப் பார்க்கிறதுக்குள் பத்தாவது வந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்துப் பதினொன்று. பிறகு பன்னிரண்டு. இடது கை வெறுமையாக இருந்தது. நிழலில் இருந்த சிப்பாய் இரண்டு கை விரல்களையும் காட்டி, பிறகு இன்னும் இரண்டு விரலைக் காட்டினான். புத்தகத்தில் கையெழுத்து வைத்தான், தொப்பியைப் போட்டான், போய்விட்டான்.

தூசு அடங்கியது. துளை மெஷின்காரன் பாயிஸ் நாலு ஆட்களோடு வந்து பாதையில் நின்றான். "ஊதுங்க அண்ணே, வெயில் ஏறுது" என்றான். யோகலிங்கம் விசிலை வாயில் வைத்தான்.

"தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்று நஜ்முன் நிஸா மேட்டால் இறங்கி வந்தார். "கையெழுத்து வையுங்க. கதவு பன்னிரண்டு. கோப்பை பதினொண்டு."

யோகலிங்கம் விசிலை வாயிலிருந்து எடுத்தான். "பன்னிரண்டுதான் அக்கா. நான் எண்ணினனான். ஆமிக்காரனும் கையெழுத்து வைச்சிட்டான்."

"அவன்ட கையெழுத்துக்கு என்ட கோப்பை ஆடுமா? ஒம்பதாவதுக்குக் கதவு மட்டுந்தான் அடிச்சிது. கோப்பை கிணுக்கெண்டும் சொல்லல்ல. அது முகாம் பக்கத்துச் செல்."

யோகலிங்கம் வலது கையில் இருந்த கொட்டைகளைப் பார்த்தான். ஒன்பதாவது. அவனுடைய பிடரிக்கும் அதே ஒன்பதாவதுதான். குவாரியின் ஒன்பதாவது வெடி வரவேண்டிய நேரத்தில் முகாம் ஒரு செல்லை அடித்திருக்கிறது. எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது. ஒன்று கல்லுக்குள் கிடக்கிறது. அதற்கு மேலே போய் நிற்பதற்குத்தான் பாயிஸ் மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு அவசரப்படுகிறான். அவனுக்கு மூன்று பிள்ளைகள். கடைசிக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

கந்தோருக்குள்ளிருந்து மனேஜர் வந்தார். என்ன தாமதம் என்று கேட்டார். சொன்னார்கள். அவர் தலையைச் சொறிந்தார்.

"யோகலிங்கம், இங்க வாரும்" என்று ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். "பன்னிரண்டு எண்டு எண்ணினது நீர்தானே?"

"ஓம் சேர். பிழையா எண்ணிப்போட்டன் போல கிடக்கு."

"பிழையா எண்ணேல்லை. ஆமிக்காரனும் பன்னிரண்டு எண்டுதான் எழுதிக்கொண்டு போறான். இப்ப அந்த மனிசியின்ர கோப்பை சொல்லுறதை நாங்கள் கேட்டா, பிறகு அதே கோப்பை சொல்லுற வெடிப்பையும் கேக்கவேணும். விளங்குதோ?"

"விளங்குது சேர்."

"அப்ப ஊதும்."

"ஏலாது சேர்" என்றான் யோகலிங்கம். தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "சந்தேகம் எண்டா அரை மணித்தியாலம் பொறுத்து, நானும் வெடிக்காரரும் மட்டும் உள்ள போகவேணும். பன்னிரண்டாம் விதி. கலண்டருக்குக் கீழ கிடக்கு."

அரை மணித்தியாலம் பொறுத்தார்கள். பாயிஸ் கோபித்துக்கொண்டு நிழலில் படுத்தான். பிறகு ஸைனுலாப்தீனும் யோகலிங்கமும் உடைந்த கல்லுகளின்மேல் மெல்லக் கால்வைத்து ஏறினார்கள். ஒன்பதாந் துளையின் பக்கம் மட்டும் கல் முழுசாக நின்றது. துளை வாயில் அடைத்த களிமண் வைத்த மாதிரியே இருந்தது. திரி கருகிக் கடைசி மட்டும் எரிந்திருந்தது. ஈரம் பட்ட கெப்பாக இருக்கவேண்டும்.

ஸைனுலாப்தீன் குந்தியிருந்து பார்த்தார். தொடவில்லை. "பாயிஸ்ட மெஷின் சரியா இதில வந்து நிண்டிருக்கும், தம்பி" என்றார். யோகலிங்கமும் பக்கத்தில் குந்தினான்.

வெடிக்காத மருந்தைத் தோண்டி எடுக்கக்கூடாது. இரண்டடி தள்ளி, அதே சாய்வில் இன்னொரு துளை போட்டுப் புது மருந்து வைத்து, இரண்டையும் சேர்த்து வெடிக்கவேண்டும். அதற்கு இன்னொரு குச்சியும் ஒரு கெப்பும் வேண்டும். இரண்டும் முகாமில் இருந்தன.

"அந்த மூலையை விடுங்கோ. வேற பக்கம் வேலையைப் பாருங்கோ" என்றார் மனேஜர்.

"இண்டைக்கு விட்டா மறந்துபோகும் சேர்" என்றார் ஸைனுலாப்தீன். "அடுத்த வருஷம் வேற ஆள் வந்து அதில துளை போடுவான்."

யோகலிங்கம் கடிதம் எழுதினான். 'பன்னிரண்டில் ஒன்று வெடிக்கவில்லை. அதனை அழிப்பதற்கு ஒரு குச்சியும் ஒரு கெப்பும் தந்துதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' புதன்கிழமை காலை தோய்த்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அதைக் கையில் கொண்டுபோனான். அன்று அவன் திரும்பி வரவில்லை.

முகாமில் இருந்த கப்டனுக்குத் தமிழ் பாதி வரும். மீதிப் பாதிக்கும் ஆளை வைத்திருக்கவில்லை. அவர் இளவயதுக்காரர், கத்தவோ கை நீட்டவோ இல்லை. கடிதத்தையும் சிப்பாயின் புத்தகத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நான் குடுத்தது பன்னிரண்டு. சிப்பாய் கேட்டது பன்னிரண்டு. நீ எண்ணினது?"

"பன்னிரண்டு சேர்."

"பன்னிரண்டும் வெடிச்சது. இப்ப கல்லுக்குள்ள ஒண்டு இருக்கு எண்டு சொல்றாய். அது பதின்மூணு. பதின்மூணு எங்கயிருந்து வந்தது?"

யோகலிங்கம் யோசித்தான். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. "சேர், நடுவில வந்த ஒரு சத்தம் எங்கட இல்லை" என்றான்.

"வேற யாருடையது?"

இதற்குப் பதில் சொல்ல யோகலிங்கத்துக்குத் தெரியும். அந்த இடத்தில், அந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் சொல்ல எவனுக்கும் வாய் வராது. கப்டனே முகாம் அடிக்கிற செல்களைப் பதியும் இன்னொரு புத்தகத்தைத் திறந்து பார்த்தார். "செவ்வாய்க்கிழமை இந்த முகாம் சுடவில்லை" என்றார். "புத்தகத்தில் இல்லை."

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "உன்னைத் தவிர வேற யாராவது எண்ணினதா? எழுதின ஆள் இருக்கா?"

கொப்பி யோகலிங்கத்தின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இரண்டு வருடத்தில் இந்த முகாம் அடித்த ஒவ்வொரு செல்லும், திகதி, நேரத்தோடு, ஒரு சாதாரண மனிசியின் கையெழுத்தில். கோப்பை ஆடாத அந்தப் பத்தி முழுவதும் அதுதான். அதை வைத்திருந்ததற்காக அவரை என்ன செய்வார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. தன்னை என்ன செய்வார்கள் என்பதும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அது வேறு பயம்.

"ஒருத்தரும் இல்லை சேர்" என்றான்.

அவனை ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். வியாழன் மத்தியானம் வரைக்கும் அந்த வாங்கில்தான் இருந்தான். சோறு தந்தார்கள், பருப்பு நல்லாயிருந்தது. மேலிடத்திலிருந்து ஜீப் வரும், அதில் ஏற்றுவார்கள் என்று காவலுக்கு நின்றவன் சொன்னான். அந்த ஜீப்பில் ஏறியவர்கள் எங்கே இறங்கினார்கள் என்று யோகலிங்கம் யாரிடமும் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் விரும்பவில்லை.

ஜீப் வருமுன் நஜ்முன் நிஸா வந்தார். ஸைனுலாப்தீன் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கொப்பியைக் கப்டனின் மேசையில் வைத்தார். யோகலிங்கம் வாங்கிலிருந்து எழும்பினான். "அக்கா, வேண்டாம்" என்றான். அவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இது என்ன?" என்றார் கப்டன்.

"என்ட கோப்பை ஆடின கணக்கு" என்றார் நஜ்முன் நிஸா. "செவ்வாய்க்கிழமையைப் பாருங்க. கதவு பன்னிரண்டு. கோப்பை பதினொண்டு. குவாரியில வெடிச்சா ரெண்டும் ஆடும். ஒங்கட செல்லுக்குக் கதவு மட்டுந்தான்."

கப்டன் அதை வாசித்தார். அதற்கு முந்திய பக்கத்தைத் திருப்பினார். அதற்கும் முந்தியதை. பிறகு தன்னுடைய புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு திகதியாகப் பார்த்துக்கொண்டு போனார். நஜ்முன் நிஸாவின் கொப்பியில் இருந்தும் முகாமின் செல் புத்தகத்தில் இல்லாத செல் செவ்வாய்க்கிழமையோடு சேர்த்து நாலு வந்தது. அவர் இல்லாத நேரத்தில் அவருடைய ஆட்கள் அவருக்குச் சொல்லாமல் அடித்தவை. அவர் எழுந்துபோய்க் காவலுக்கு நின்றவனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இப்படி எழுத யார் சொன்னது?"

"குவாரி மனேஜர்."

"மனேஜர்?"

"வெடிப்பு ஒங்கட செல்லாலதான், போய் ஒங்களிட்டக் கேக்கச் சொன்னாரு. நான் ஒங்களக் கேக்கல்ல. எழுதினன்."

கப்டன் தன்னுடைய புத்தகத்தை மூடினார். நாலு செல்லுக்கு மேலிடத்தில் அவர்தான் பதில் சொல்லவேண்டும் என்பது யோகலிங்கத்துக்கே விளங்கியது. பிறகு அவர் யோகலிங்கத்தின் கடிதத்தை எடுத்து அடியில் எழுதினார். பதினொன்று வெடித்தது, ஒன்று வெடிக்கவில்லை, இன்னொன்று கொடுக்கவும். கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார். சிப்பாயின் புத்தகத்தில் இருந்த பன்னிரண்டை வெட்டிப் பதினொன்று ஆக்கினார். ஜீப்புக்கு வேலையில்லாமல் போனது. கொப்பியை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"என்ட கொப்பி?" என்றார் நஜ்முன் நிஸா.

"என்ன கொப்பி?" என்றார் கப்டன். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. "நான் கொப்பி பாக்கவில்லை. நீ எழுதவில்லை. இனியும் எழுதாதே அம்மா. வீட்டுக்குப் போ."

மூன்று பேரும் வெயிலில் கந்தளாய் றோட்டால் நடந்து வந்தார்கள். யோகலிங்கத்துக்கு உயிர் தப்பிய சந்தோசம் வரவேண்டும். வந்தது வெட்கம்தான். இருநூறு தரம் 'கிடைத்தது' என்று எழுதியவன் ஒரு தரமாவது அதை வாசித்திருந்தால், அவற்றைக் குவாரியின் பதிவில் ஏற்றியிருந்தால், இன்று அந்த ஒற்றைக் கொப்பியில் நஜ்முன் நிஸாவின் சுவர் தொங்கிக்கொண்டு நின்றிராது.

"என்னாலதான் அக்கா" என்றான்.

"ஒங்களுக்காக இல்ல தம்பி. கல்லுக்குள்ள கிடக்கிறது கண்ட நேரத்தில வெடிச்சா என்ட சுவரும் சேர்ந்து போகும்." கொஞ்சத் தூரம் நடந்தார். "ரெண்டு வருஷம். நோன்புக்கும் எழுதினன், பெருநாளைக்கும் எழுதினன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வேர்வை என்று சொன்னார். ஸைனுலாப்தீன் ஓம் வேர்வைதான், பொல்லாத வெயில் என்றார்.

மனேஜருக்கு இரண்டு நல்ல செய்தி ஒரே நாளில் கிடைத்தது. யோகலிங்கம் திரும்பி வந்துவிட்டான். கொப்பி திரும்பி வரவில்லை. "பாவம் மனிசி" என்றார் அவர். "பதினாலாந் திகதி கச்சேரியில வெறுங் கையோட போய் என்னத்தைச் சொல்லப் போறா." சொல்லிவிட்டு இன்னொரு தேத்தண்ணி போடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை சிப்பாய் ஒரு குச்சியும் ஒரு கெப்பும் கொண்டுவந்தான். ஒன்பதாந் துளையிலிருந்து இரண்டடி தள்ளி ஸைனுலாப்தீன் சோக்குக் கட்டியால் புள்ளி வைக்க, பாயிஸ் அதில் துளை போட்டான். மெஷினை வாழ்நாளில் முதற்தரமாக மெதுவாகப் பிடித்தான். யோகலிங்கம் மட்டும் தகரக் கொட்டிலுக்குப் போகவில்லை. 'பதிவாளர் வெடியை நன்கு உணரக்கூடிய, பாதுகாப்பான ஓரிடத்தில் நிற்கவேண்டும்' என்றுதான் எட்டாம் விதி சொல்கிறது. கொட்டில் என்று எந்த விதியிலும் இல்லை. அவன் அதைக் கலண்டரைத் தூக்கிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டான். முதல் விசிலை ஊதிவிட்டு, இரண்டாவதை ஊதும் பொறுப்பை ஸைனுலாப்தீனிடம் கொடுத்தான். பதிவேட்டையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு மேட்டால் இறங்கி நஜ்முன் நிஸாவின் வீட்டுக்குப் போனான்.

அவர் வாசலில் சும்மா இருந்தார். கையில் கொப்பி இல்லாமல் அவரைப் பார்ப்பது புதுசாக இருந்தது.

"கதிரை ஒண்டு தாங்கோ அக்கா. அலுமாரிக்கு முன்னால போடுங்கோ" என்றான் யோகலிங்கம்.

கதிரையில் ஏறி நின்று வெடிப்பை அளந்தான். ஆறடி இரண்டு அங்குலம். பதிவேட்டில் எழுதினான். இறங்கி, அதே கதிரையில் இருந்து இரண்டு புளியங்கொட்டையை இடது கையில் வைத்தான்.

இரண்டாவது விசில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் புது மருந்து வெடித்தது. ஆறு கோப்பையும் கிணுகிணுத்தன, கதவு அடித்தது. அது அடங்குமுன் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாந் துளை வெடித்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து கல்லுக்குள் கிடந்தது எல்லாம் ஒரேயடியாக வந்தது. ஓரத்தில் இருந்த கோப்பை தட்டின் விளிம்புவரை நகர்ந்து, அலுமாரிக்குள்ளேயே விழுந்து இரண்டாகப் பிளந்தது. இரண்டு கொட்டையும் வலது கைக்கு வந்துவிட்டன.

இரண்டு பேரும் அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ட உம்மா தந்தது" என்றார் நஜ்முன் நிஸா.

யோகலிங்கம் திரும்பவும் கதிரையில் ஏறி வெடிப்பை அளந்தான். பிறகு வாசலுக்கு வந்து மூன்றாவது விசிலை நீளமாக ஊதினான். மேட்டுக்கு அந்தப் பக்கம் பாயிஸும் ஆட்களும் உள்ளே போகிற சத்தம் கேட்டது. பாயிஸ் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்து யோகலிங்கம் கதிரையில் இருந்து, மடியில் பதிவேட்டை வைத்து, கார்பன் தாளைச் சரிசெய்து, அழகான கையெழுத்தில் எழுதினான்.

'துளை: புதிது 1, பழையது 1. வெடித்தவை: 2. மிச்சம் இல்லை. கண்காணித்த இடம்: நஜ்முன் நிஸா என்பவரின் வீடு, வெடித்த இடத்திலிருந்து முன்னூறு யார். கோப்பை ஆடியது: 2 தரம். சேதம்: கோப்பை 1. சுவர் வெடிப்பு, வெடிக்கு முன்: ஆறடி இரண்டு அங்குலம். வெடிக்குப் பின்: ஆறடி இரண்டே முக்கால் அங்குலம். காரணம்: இக் குவாரியின் வெடி.'

அவர் எட்டிப் பார்த்தார். மெல்ல வாசித்தார். கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தார்.

"இத மனேஜர் கையெழுத்து வைப்பாரா?"

"வெள்ளிக்கிழமைகளில அவர் அந்தக் கிழமையில எழுதின பக்கங்களுக்கெல்லாம் கையெழுத்து வைக்கிறவர் அக்கா" என்றான் யோகலிங்கம். "செவ்வாய்க்கிழமையும் நான் வருவன். கதிரையை எடுக்காதேங்கோ."

பின்னேரம் மூன்று மணிக்குப் பதிவேட்டை மனேஜரின் மேசையில் வைத்தான். ஞானசேகரம் ஒரு கையில் தேத்தண்ணியும் மறு கையில் பேனையுமாக இருந்தார். பத்து வருடமாக அவர் அந்தப் பக்கங்களில் வாசித்தது கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தை மட்டும்தான்.

"ரெண்டும் வெடிச்சதோ?"

"ஓம் சேர். ரெண்டும் வெடிச்சுது."

"கரைச்சல் ஒண்டும் இல்லைத்தானே?"

"எல்லாம் எழுதியிருக்கு சேர்."

"நல்லது" என்று அவர் கையெழுத்தை வைத்து, அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

முதற் பிரதி குவாரிக்கு. இரண்டாவது முகாமுக்கு, அதில் கப்டன் ஒளித்துவைக்க ஒரு செல்லும் இல்லை. மூன்றாவது, பதினாலாந் திகதி விசாரணை நடக்கிற கச்சேரிக்கு. யோகலிங்கம் அதை மெதுவாகக் கிழித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். புதுக் கார்பன். மனேஜரின் கையெழுத்து மூன்றாம் பிரதியிலும் தெளிவாக விழுந்திருந்தது.